நீச்சல்குளத்து ஃபில்டர்: தேர்ந்தெடுக்கும் கணக்கும் பராமரிக்கும் முறையும்

வீட்டுக்கு நீச்சல்குளம் கட்டுகிறவர்கள் டைல்ஸின் நிறத்தை முடிவுசெய்ய ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள். ஃபில்டரை மட்டும், ஒப்பந்ததாரர் அதைக் கொண்டுவந்து இறக்கும் நாளில்தான் முதன்முறையாகப் பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் குளம் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.25 மீட்டர் ஆழமும் கொண்டது. அதாவது 40 கன மீட்டர், 40,000 லிட்டர் தண்ணீர். முதலில் வைத்த ஃபில்டர் அந்தத் தண்ணீருக்குச் சிறியது. அதற்கு மாட்டிய பம்போ அந்த ஃபில்டருக்குப் பெரியது. இரண்டு கோடை அதனுடன் மல்லுக்கட்டிவிட்டு மாற்றினோம். இங்கே வரும் கணக்குகள் அந்தக் குளத்தை வைத்துப் போட்டவை. உங்கள் குளத்தின் அளவுகளை அந்த இடங்களில் இட்டுக்கொண்டால் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

எந்த வகை

சந்தையில் மூன்று வகை ஃபில்டர்கள் உள்ளன. மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடிக்கும். மடிப்பு மடிப்பான பாலியெஸ்டர் துணியால் ஆன கார்ட்ரிட்ஜ் 10 முதல் 20 மைக்ரான் வரை பிடிக்கும். டயட்டம் மண் என்ற நுண்பாசி ஓடுகளின் பொடியைப் பூசிய ஃபில்டர் 3 முதல் 5 மைக்ரான் வரை இறங்கும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் அதில் ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் புதிய பொடியைக் கரைத்து ஊட்ட வேண்டும். அந்தப் பொடி பெருநகரத்துக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. கையாளும்போது மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டுக் குளத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்ட்ரிட்ஜுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதற்குப் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டரைக் கழுவும் வேலை, இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை. தண்ணீர் லாரியை நம்பி வாழும் நகரத்து வீடுகளுக்கும், கூரைக்குக் கீழே உள்ள சிறு குளங்களுக்கும் அதுவே பொருத்தம். வாங்கும்போதே இரண்டு கார்ட்ரிட்ஜ்களாக வாங்கி, ஒன்று காயும்போது மற்றொன்றை ஓட விட வேண்டும். அழுக்கானதை வெளியே எடுத்து, சாதாரண ஹோஸ் தண்ணீரால் ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கார் கழுவும் பிரஷர் வாஷரைக் காட்டினால் துணி நைந்துவிடும். சுண்ணாம்பு படிந்திருக்கிறதே என்று எடுத்த எடுப்பில் ஆசிட்டில் முக்குவது பலர் செய்யும் தவறு. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது ஆசிட் பட்டால் அந்தப் பிசுக்கு துணியிலேயே இறுகிவிடும். ஆகவே முதலில் எண்ணெய் நீக்கும் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, அதற்குப் பிறகும் வெண்மையான படிவு இருந்தால் மட்டுமே நீர்த்த ஆசிட்டுக்குப் போக வேண்டும்.

மரமும் புழுதியும் காற்றும் உள்ள திறந்தவெளிக் குளத்துக்கு மணல் ஃபில்டரே சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று எங்கள் குளத்தில் கொண்டுவந்து கொட்டும் புழுதியைக் கார்ட்ரிட்ஜ் தாங்கியிருக்காது. இனிச் சொல்வதெல்லாம் மணல் ஃபில்டரைப் பற்றியே. எந்த ஃபில்டரும் கிருமியைக் கொல்லாது என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது குளோரினின் வேலை. தண்ணீரில் 1 முதல் 3 பிபிஎம் வரை குளோரினும் 7.2 முதல் 7.6 வரை பிஹெச் அளவும் இல்லையென்றால், பளிங்கு போலத் தெரியும் தண்ணீரும் குளிக்கத் தகுந்ததல்ல.

இரண்டு திசைக் கணக்கு

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய்வர ஆகும் நேரத்தை டர்ன்ஓவர் என்பார்கள். வீட்டுக் குளத்துக்கு அது 6 முதல் 8 மணி நேரம் இருந்தால் போதும். 40 கன மீட்டரை 6 மணி நேரத்தில் ஓட்ட வேண்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 6.7 கன மீட்டர் தேவை. ஒரு டர்ன்ஓவர் முடிந்தால் தண்ணீர் முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாததுடன் கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் சுமார் 63 சதவீதத் தண்ணீர்தான் உண்மையில் ஃபில்டரைக் கண்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்று சுற்றில் 95. கோடையில் நாளுக்கு இரண்டு சுற்றாவது ஓட்டச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஃபில்டரின் விட்டம். மணல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் இறங்குகிறதோ, அதுவே வடிகட்டும் வேகம். பெரும்பாலான வீட்டு ஃபில்டர்கள் 50 வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது அவை தாங்கும் எல்லை. நன்றாக வடிகட்டும் வேகம் அதற்கு வெகுகீழே, 25 முதல் 30 வரையில் இருக்கிறது. வேகம் கூடக் கூட, நுண்ணிய அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டரின் மணல் பரப்பு 0.196 சதுர மீட்டர், எங்கள் 6.7 கன மீட்டரை அதில் ஓட்டினால் வேகம் 34. 600 மில்லிமீட்டர் ஃபில்டரில் பரப்பு 0.283 சதுர மீட்டர். வேகம் 24 ஆக இறங்கிவிடுகிறது. ஆகவே 600 என்று முடிவுசெய்வது எளிது.

பலரும் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மணல் ஃபில்டரில் தண்ணீர் இரண்டு திசையில் போகும்: வடிகட்டும்போது மேலிருந்து கீழே, பேக்வாஷ் செய்யும்போது கீழிருந்து மேலே. கழுவும்போது மணல் படுகை முழுவதும் தளர்ந்து எழும்பி, மணிகள் ஒன்றோடொன்று உரசினால்தான் அழுக்கு பிரியும். அதற்குச் சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 40 கன மீட்டர் வேகம் வேண்டும். 600 மில்லிமீட்டர் ஃபில்டருக்கு அது 11.3 கன மீட்டர். 7 கன மீட்டர் மட்டும் தள்ளும் பம்பை அதற்கு மாட்டினால் வடிகட்டுவது அருமையாக இருக்கும். கழுவுவதோ பெயருக்கு நடக்கும். மேல்மணல் மட்டும் அலசப்பட்டு, அடியில் அழுக்கு ஆண்டுக்கணக்கில் தங்கும். ஃபில்டரைப் பெரிதாக வாங்குங்கள் என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரையில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

இரண்டு தேவையையும் ஒன்றாக நிறைவேற்றும் வழி வேகம் மாற்றக்கூடிய பம்பு. நாள் முழுவதும் மணிக்கு 7 கன மீட்டரில் மெதுவாக ஓட்டிவிட்டு, பேக்வாஷின்போது மட்டும் முழு வேகத்துக்கு ஏற்றலாம். விலை கூடுதல்தான், ஆனால் பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், மின்கட்டணத்தில் அந்தப் பணம் திரும்பி வருகிறது. ஒரே வேகப் பம்புதான் என்றால், 600 மில்லிமீட்டர் ஃபில்டருக்கு 11 முதல் 12 கன மீட்டர் தரும் பம்பை எடுங்கள். வடிகட்டும் வேகம் 40ஐ ஒட்டி நிற்கும். அதைக் குறையென்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பம்பைக் குதிரைத்திறனைக் கேட்டு வாங்கக் கூடாது. 10 மீட்டர் ஹெட்டில், அதாவது 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவதற்குச் சமமான எதிர்ப்பில், மணிக்கு எத்தனை கன மீட்டர் தரும் என்ற வரைபடத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள்; காட்ட முடியாத பம்பை விட்டுவிடுங்கள்.

மணலை இறக்கும் நாள்

ஃபில்டருக்குள் போடுவதற்கென்றே சலித்து, கழுவி, மூட்டையில் வரும் சிலிக்கா மணல் உண்டு. மணிகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆற்று மணலைச் சலித்துப் போட்டால் என்ன என்று கொத்தனார் கேட்பார். அதில் களிமண்ணும் பல அளவு மணிகளும் கலந்திருக்கும்; எம்-சாண்டில் கிரஷர் தூள் இருக்கும். இரண்டும் வேண்டாம். மணலுக்குப் பதிலாக உடைத்த கண்ணாடி மணிகளும் இப்போது கிடைக்கின்றன. விலை அதிகம், ஆனால் வழவழப்பான பரப்பில் பாசிப் படலம் எளிதில் ஒட்டாது, மணலைவிட நீண்ட நாள் உழைக்கும்.

டேங்கின் அடியில் விரல் விரலாகப் பரவியிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களுக்கு லேட்டரல் என்று பெயர். வடிகட்டிய தண்ணீர் அவற்றின் நுண்ணிய கீறல்கள் வழியாகத்தான் வெளியேறும். ஐம்பது கிலோ மூட்டையை அவற்றின் மேல் நேராகக் கவிழ்த்தால் ஒன்றிரண்டாவது முறியும். எனவே முதலில் டேங்கைப் பாதிவரை தண்ணீரால் நிரப்ப வேண்டும். மணல் அதில் மிதந்து இறங்கி மெத்தென்று படியும். வால்வு மேலே அமரும் மாடலில், நடுக்குழாயின் வாயை ஒரு பாலித்தீன் பையால் மூடிக் கட்டிவிட வேண்டும். ஃபில்டருக்கான கையேடு கூழாங்கல் அடுக்கு கேட்டால் அதை லேட்டரல்கள் மூடும்வரை கையால் பரப்பி, அதன்மேல் மணலைக் கொட்டலாம். 600 மில்லிமீட்டர் டேங்குக்கு 135 முதல் 150 கிலோவரை பிடிக்கும். மூட்டை மிச்சம் இருக்கிறதே என்று கழுத்துவரை நிரப்பாதீர்கள். பேக்வாஷில் மணல் எழும்ப மேலே காலியிடம் வேண்டும், இல்லையென்றால் மணல் சாக்கடைக்குப் போய்விடும். முடித்தவுடன் முதல் வேலை பேக்வாஷ். புது மணலின் தூள் அதில் வெளியேறாவிட்டால் குளத்துக்குள் வந்து படியும்.

பிறகு ஃபில்டரை ஓட விட்டு, பிரஷர் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஃபில்டர் டேங்கின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். எங்களுடையது 10 பிஎஸ்ஐ. இனி இந்த ஃபில்டர் இருக்கும்வரை நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

பேக்வாஷ்

அழுக்கு சேரச் சேர அழுத்தம் ஏறும். சுத்தமான நிலையிலிருந்து 8 பிஎஸ்ஐ ஏறினால், எங்கள் கணக்கில் முள் 18ஐத் தொட்டால், கழுவ வேண்டும். அதற்கு முன்பே தினமும் கழுவுவது சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் அழுக்கு படிந்த மணல்தான் புது மணலைவிட நுண்ணிய துகளைப் பிடிக்கும். மணிகளின் இடைவெளியை அந்த அழுக்கே குறுக்கிக் கொடுக்கிறது. அதே சமயம், நம் வெப்பத்தில் மணலுக்குள் பாசிப் படலம் விரைவில் வளரும் என்பதால், முள் ஏறாவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவிவிடுவது நல்லது.

செய்முறை எளிது, ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் பம்பை நிறுத்துங்கள். தண்ணீரின் பாதையை மாற்றும் மல்ட்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைப் பம்பு ஓடும்போது திருப்பினால், உள்ளே சிலந்தி வலை வடிவில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்து வரும். அதன்பின் வடிகட்டும்போதும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேஸ்ட் குழாயில் போய்க்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தி, கைப்பிடியை அழுத்திப் பேக்வாஷுக்குத் திருப்பி, வேஸ்ட் குழாயின் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். வால்வின் பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கும். முதல் சில நொடிகள் அதில் தெளிந்த தண்ணீர் வரும். அதைப் பார்த்து ஏமாந்து நிறுத்திவிடக் கூடாது. பிறகு திடீரென்று டிகாஷன் நிறத்தில் ஒரு கலங்கல் வந்து, ஒரு நிமிடத்தில் வெளுத்து, மீண்டும் ஒரு சிறு கலங்கலாக வரும். அந்த இரண்டாவது கலங்கலும் போய்க் கண்ணாடி தெளியும்வரை, மொத்தம் இரண்டு முதல் மூன்று நிமிடம் ஓட வேண்டும். மறுபடி பம்பை நிறுத்தி, ரின்ஸுக்குத் திருப்பி அரை நிமிடம்; மறுபடி நிறுத்தி, ஃபில்டருக்குத் திருப்ப வேண்டும். ரின்ஸை விட்டுவிட்டால், கழுவிய அழுக்கில் மேல்குழாயில் தங்கியது ஒரு புகைபோலக் குளத்துக்குள் திரும்பும்.

பம்பைப் போடும்போது ஃபில்டரின்மேல் குனிந்து நிற்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று அழுத்தப்படும்போது, மூடியோ கிளாம்போ சரியாக இறுகாதிருந்தால் அது பறந்து வரும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்துப் பம்பைப் போட்டு, தண்ணீர் வந்ததும் மூட வேண்டும்.

ஒரு பேக்வாஷில் எங்களுக்குச் செலவாவது சுமார் 650 லிட்டர். அதை ஒரு குழியில் தேக்கி, இரண்டு நாள் வெயிலில் குளோரின் போன பிறகு தென்னைக்கு விடுகிறோம். உப்பில் குளோரின் தயாரிக்கும் குளமாக இருந்தால் அந்தத் தண்ணீரை மரத்துக்கு விடாதீர்கள்.

மணலைக் கெடுப்பவை

போர் தண்ணீரால் குளத்தை நிரப்புகிறவர்களுக்கு முதல் எதிரி சுண்ணாம்பு. வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகும், சுண்ணாம்பு தங்கும். அதே கடினத் தண்ணீரை மேலும் மேலும் விடுவோம். பிஹெச் 7.8ஐத் தாண்டினால் அது மணலில் படிந்து, மணலைக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக இறுக்கிவிடும். தண்ணீர் அந்தக் கட்டிகளைச் சுற்றி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, வடிகட்டப்படாமலேயே ஓடிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது பிரஷர் கேஜ் நல்லபிள்ளையாகவே நிற்கும்.

இதை மேலும் விரைவுபடுத்துவது பிளீச்சிங் பவுடரை நேரே குளத்தில் தூவும் பழக்கம். அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய. பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஒரு மணி நேரம் தெளிய வைத்து, மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் இதைவிட மேல். ஆசிட் கேனையும் குளோரினையும் ஃபில்டர் அறையில் ஒன்றாக வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

இரண்டாவது எதிரி தலையில் வைத்த தேங்காய் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பதிலாகக் குழந்தைகள் குளத்தில் குதித்தால், அந்த எண்ணெய் மணிகளின்மேல் படலமாகப் பூசி, அழுக்கைப் பசைபோல ஒட்டவைக்கும். குளத்தருகே ஒரு ஷவரும், சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்ற கண்டிப்பும், எந்த ரசாயனத்தைவிடவும் மலிவு. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ உதிரும் காலத்திலும் ஆடிக் காற்றிலும், நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையை இழுக்கும் வாயான ஸ்கிம்மரின் கூடையையும் பம்பின் முன்னுள்ள கூடையையும் தினமும் காலி செய்ய வேண்டும். மற்ற நாட்களில் வாரம் இருமுறை போதும். பம்புக் கூடையின் மூடியில் உள்ள ஓ-ரிங்குக்கு வாசலின் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ்தான் தடவ வேண்டும்.

மழைக்குப் பிறகு தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டால், ஃபில்டரை மட்டும் நம்பி நாள்கணக்கில் ஓட்டிப் பயனில்லை. மணலின் சல்லடைக்குள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு அது நுண்மண். இங்கே படிகாரம் உதவும். பானைத் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை இழைத்த நம் பாட்டிமார் பயன்படுத்தியதும் இதே வழிதான், சிறு துகள்களைத் திரட்டிக் கனமாக்கிக் கீழே இறக்குவது. படிகாரத்தைக் கரைத்துக் குளமெங்கும் ஊற்றி, பம்பை நிறுத்தி, ஓர் இரவு அசையாமல் விட்டால் காலையில் அடியில் மெத்தைபோல மண் படிந்திருக்கும். அதை வேக்கூமால் உறிஞ்சும்போது வால்வு வேஸ்டில் இருக்க வேண்டும்; ஃபில்டரில் வைத்து உறிஞ்சினால் அந்தக் கூழ் மணலை அடைத்துவிடும். படிகாரம் பிஹெச்சை இறக்கும் என்பதால், அதற்குப் பிறகு ஒருமுறை சோதித்துச் சரிசெய்ய வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஃபில்டரைத் திறந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்துப் பாருங்கள். நல்ல மணல் ஈரமாக இருந்தாலும் விரலிடுக்கில் சொரசொரவென்று உதிரும். கெட்ட மணல் வழுக்கும், உருண்டையாகத் திரளும். கட்டியொன்றை எடுத்து அதில் வினிகரை ஊற்றினால், நுரைத்து வந்தால் சுண்ணாம்பு. மேலோட்டமான கட்டிகளை அள்ளி எடுத்துவிட்டுப் புதுமணல் சேர்க்கலாம். அடிவரை கட்டியிருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். சாதாரணமாக ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை வரும் மணல், எங்கள் போர் தண்ணீரில் நான்காம் ஆண்டிலேயே கட்டிவிட்டது.

கோளாறைக் கண்டுபிடிப்பது

அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்தால் குற்றம் ஃபில்டரில் இல்லை, அதற்கு முன்னால்: கூடை அடைத்திருக்கும், அல்லது குளத்து நீர்மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கும். தண்ணீர் திரும்பி வரும் வாயில் காற்றுக் குமிழ் வந்தால் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் எங்கோ கசிவு. பெரும்பாலும் கூடை மூடியின் ஓ-ரிங். அந்த வாயருகே குளத்துத் தரையில் மணல் குவிந்தால் லேட்டரல் உடைந்திருக்கிறது. மணலை முழுக்க வெளியே அள்ளினால்தான் அதை மாற்ற முடியும். தண்ணீர் கலங்கியிருக்கிறது, முள்ளோ அசையவே இல்லை என்றால் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, மேலே சொன்ன கட்டிமணல். மற்றொன்று எங்களுக்கு நடந்தது. இரண்டு மாதம் முள் 12லேயே நின்றது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பராமரிப்புக்கு வந்தவரும் சொல்லிவிட்டுப் போனார், குளம் மட்டும் நாளுக்கு நாள் பச்சையேறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மின்சாரம் போனபோது தற்செயலாக ஃபில்டர் அறைக்குள் போனேன். பம்பு நின்று கால் மணி நேரமாகியும் முள் 12லேயே இருந்தது. கேஜ் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. புதிய கேஜுக்குச் செலவானது சில நூறு ரூபாய். அதை மாட்டிப் பம்பைப் போட்டதும் முள் 24க்குத் தாவியது. அதிலிருந்து, ஒவ்வொரு முறை பம்பை நிறுத்தும்போதும் முள் பூச்சியத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வால்வின் கைப்பிடியில் கை வைக்கிறேன்.